பொறிக்குள் ஒரு பொறி

பள்ளிகளிலும் களப்பணி நிலையங்களிலும் உள்ள கணிப்பொறிகளுள் பல, வாங்கிய நாளில் எந்த இயங்குதளத்தைக் கொண்டிருந்தனவோ அதனையே இன்றளவும் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தைக் கொண்ட பொறிகளின் நிலை இப்பொழுது இடர்ப்பாடானது. அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம், 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த பொறிகளே இதற்கு விலக்கு. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என வழங்கும் பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆன ஒன்றையும் வேண்டி நிற்பது. பத்தாண்டு உழைத்த பொறி இத்தகுதிகளை நிறைவு செய்தல் அரிது. ஆகவே, நன்கு இயங்கிக்கொண்டிருக்கும் பொறியைக் கழித்துவிடுவதா, அன்றி லினக்ஸ் வகையைச் சேர்ந்த கட்டற்ற இயங்குதளம் ஒன்றை அதில் நிறுவிக்கொள்வதா என்னும் வினா எழுகின்றது.

இரண்டாவது வழி நம் நாட்டிற்குப் புதியதன்று. கேரளத்துப் பள்ளிகளுக்கென, அம்மாநிலத்தின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ஓர் இயங்குதளத் தொகுப்பை வழங்கிவருகிறது. சி-டாக் நிறுவனம், இந்திய மொழிகளுக்கேற்ற பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. எனினும் தனி ஆசிரியர் ஒருவர் தம் பொறியில் இதனைச் செய்ய முற்படும்போது அச்சம் வந்து குறுக்கே நிற்கின்றது. அவ்வச்சத்திற்குத் தக்க காரணமும் உண்டு. இருப்பது ஒரே பொறி. வருகைப் பதிவும் மதிப்பெண் பட்டியலும், களப்பணியாளராயின் பயனாளிகள் பட்டியலும் பயணப்படிக் கணக்கும் அதற்குள்ளேயே அடங்கியுள்ளன.

இதனை நான் ஏட்டளவில் மட்டும் அறிந்தவனல்லேன். சில ஆண்டுகட்கு முன், பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், விடுமுறை நாளொன்றில் இரண்டு இயங்குதளங்களையும் ஒரே பொறியில் அருகருகே வைத்துக்கொள்ளும் எண்ணத்துடன் நிறுவலைத் தொடங்கினேன். திரையில் சில தெரிவுகள் தோன்றின. அவற்றுள் ஒன்றைச் சரிவரப் படியாமல் அழுத்திவிட்டேன். அது வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவும் தெரிவு. ஒன்பது ஆண்டுகளாகத் திரட்டி வைத்திருந்த கலைச்சொற்பட்டியல் அந்த ஹார்ட் டிஸ்கிலேதான் இருந்தது. பழைய அச்சுப்படிகளிலிருந்து அதில் பாதியை மீட்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு பிடித்தது. மறுபாதி போனது போனதுதான்.

அன்று நான் அறியாதிருந்த முறை ஒன்றனையே இங்கு விளக்க விரும்புகிறேன். இயங்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக்குள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கணிப்பொறியை உண்டாக்கி, புதிய இயங்குதளத்தை முதற்கண் அதனுள் நிறுவிப் பழகுதலே அம்முறை. ஆங்கிலத்தில் 'விர்ச்சுவல் மெஷின்' எனப்படும் இதற்குத் தமிழில் மெய்நிகர் பொறி என்னும் பெயர் நிலைபெற்றுவிட்டது. வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு நாற்றங்கால் என்று சொன்னாலே இதன் பயன் விளங்கும். ஆனால் உவமை முழுவதும் பொருந்தாது. நாற்றங்காலிலிருந்து நாற்று பறித்து நடப்படுகிறது. இங்கோ பெயர்த்து நடப்படுவது பழகியவரின் கைப்பழக்கம்.

உண்மையான பொறியையும் அதனுள் இயங்கும் பொறியையும் ஆங்கிலத்தார் முறையே விருந்தளிப்பவர் என்றும் விருந்தினர் என்றும் குறிப்பர். தமிழுக்கு அகம், புறம் என்னும் பாகுபாடு கைவந்ததாகையால், இக்கட்டுரையில் அவற்றைப் புறப்பொறி, அகப்பொறி என்றே வழங்குவோம்.

இது நடைபெறும் விதம்

ஓர் இயங்குதளம், பொறி முழுவதற்கும் தானே தலைமை என்னும் கருத்தில் எழுதப்பட்டது. நினைவகத்தைப் பங்கிடுதல், வன்தட்டில் எழுதுதல் முதலியவற்றிற்கான கட்டளைகளை அது நேரே பொறிக்கு இடும். மெய்நிகர் பொறியில் இத்தகைய கட்டளைகள் இடைமறிக்கப்பட்டு, ஒரு மேற்பார்வை மென்பொருளிடம் செல்கின்றன. 'வன்தட்டின் இன்ன பகுதியில் எழுதுக' என்று அகப்பொறியின் இயங்குதளம் ஆணையிட்டால், மேற்பார்வை மென்பொருள் அதனை 'இன்ன கோப்பின் இன்ன இடத்தில் எழுதுக' என்று மாற்றி நிறைவேற்றிவிட்டு, 'எழுதியாயிற்று' என்று விடை கூறும். ஆணையிட்டதற்கு வேற்றுமை தெரியாது. அது தன் வன்தட்டு என்று கருதுவது, புறப்பொறியின் வன்தட்டில் ஒரு மூலையில் கிடக்கும் ஒரே ஒரு கோப்பு. இச்செய்தி ஒன்றை மனத்திற்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

இக்கருத்து அறுபது ஆண்டுப் பழமை உடையது. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் ஆக்கப்பட்ட சி.பி.-40 என்னும் அமைப்பு, 1967ஆம் ஆண்டில் பயன்பாட்டிற்கு வந்தது. அக்காலத்துக் கணிப்பொறி ஓர் அறையை அடைத்துக்கொள்வது, விலையோ மிகுதி. தனக்கென மாற்றியமைக்கப்பட்ட ஒரே சிஸ்டம்/360 பொறியின்மீது, அவ்வமைப்பு பதினான்கு மெய்நிகர் பொறிகள் வரை ஒருங்கே இயக்கியது. பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பொறி இருப்பதாகவே எண்ணிப் பணிபுரிந்தனர். அதே வழியில் வந்த வி.எம்./370 என்னும் அமைப்பை 1972இல் அந்நிறுவனம் அறிவித்தது.

மேசைக் கணிப்பொறிகளில் வழங்கும் இன்டெல் வகைச் செயலிகளில் இது எளிதாகக் கைகூடவில்லை. உரிமையற்ற நிலையில் இடப்பட்டால் தடைப்பட்டு நிற்கவேண்டிய சில கட்டளைகள், அவற்றில் ஓசைபடாமல் வேறு விளைவைத் தந்து கடந்துவிடும், இடைமறிப்பதற்கே வழியிராது. 1999இல் வெளிவந்த விஎம்வேர் நிறுவனத்தின் மென்பொருள், அத்தகைய கட்டளைகளை ஓட்டத்தின்போதே பொருத்தமான வேறு கட்டளைகளாக மொழிபெயர்த்து இச்சிக்கலைத் தீர்த்தது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தியைப் படித்தபோது உண்டான பெருமிதம் நெடுநேரம் நீடிக்கவில்லை. 2005இல் இன்டெல் நிறுவனமும் 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் இடைமறிக்கும் ஆற்றலைச் செயலிகளுக்குள்ளேயே அமைத்துவிட்டன. அதன் பின்னர் மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலை குறைந்துபோயிற்று.

வேண்டிய முன்னேற்பாடுகள்

எடுத்துக்காட்டாக, விண்டோஸ் இயங்கும் பொறியில், விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளைக்கொண்டு உபுண்டு 24.04 இயங்குதளத்தை நிறுவுவதாகக் கொள்வோம். விர்ச்சுவல்பாக்ஸ் 2007இல் இன்னோடெக் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தால் வெளியிடப்பட்டு, சன் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2010 முதல் ஆரக்கிள் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளது. அதன் அடிப்படைத் தொகுப்பு கட்டற்ற உரிமத்தின்கீழ் வருவது, விலையில்லை. 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்னும் கூடுதல் தொகுப்போ தனிப்பட்டோர்க்கும் கல்விக்கும் மட்டுமே கட்டணமின்றி உரியது. அலுவலகங்கள் உரிமமின்றி அதனை நிறுவுதல் ஆகாது. நம் பணிக்கு அது வேண்டுவதுமில்லை. அலுவலகப் பொறியாயின், பொறுப்பு அலுவலரின் இசைவைப் பெற்ற பின்னரே எதனையும் நிறுவுதல் முறை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

புறப்பொறியில் 8 கிகாபைட் ரேம் இருப்பின் பணி செவ்வனே நடைபெறும். அதில் பாதியை அகப்பொறிக்குக் கொடுக்கலாம். 4 கிகாபைட் மட்டுமே உள்ள பொறியில் உபுண்டுவை இம்முறையில் இயக்க முயல்வது, ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டைப் பாரம் ஏற்றுவதாகும். அங்கே லுபுண்டு போன்ற எளிய இயங்குதளத்தைத் தேர்ந்து, 2 கிகாபைட் அளித்துப் பார்க்கலாம், மெல்லத்தான் நகரும். வன்தட்டில் 35 கிகாபைட் அளவிற்கு வெற்றிடம் இருத்தல் நலம்.

புதியவர்கள் பலரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மேலே கூறிய இடைமறிக்கும் ஆற்றல் செயலியில் இருந்தும், பல பொறிகளில் அது அடைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' சாளரத்தைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சி.பி.யு.' என்பதை அழுத்தினால், 'விர்ச்சுவலைசேஷன்' என்னும் சொல்லுக்கு எதிரே அது திறந்துள்ளதா, மூடப்பட்டுள்ளதா என்பது காணப்படும். மூடப்பட்டிருப்பின், பொறியை நிறுத்தி மீளத் தொடங்கி, பயாஸ் அமைப்புக்குள் சென்று திறக்கவேண்டும். இன்டெல் பொறிகளில் 'வி.டி.-எக்ஸ்' என்றோ 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றோ, ஏ.எம்.டி. பொறிகளில் 'எஸ்.வி.எம்.' என்றோ அது குறிக்கப்பட்டிருக்கும். வேறெதனையும் அங்கே தொடாமல், சேமித்து வெளியேறுக. அகப்பொறி இயங்கும்போது சாளரத்தின் அடிப்பகுதியில் பச்சை ஆமை ஒன்றின் உருவம் தோன்றுமாயின், விண்டோஸின் சொந்த மேற்பார்வை மென்பொருளாகிய ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்பது பொருள். பிழை ஒன்றுமில்லை, ஆமையின் பொருத்தம் வேகத்திலே தெரியும்.

உபுண்டுவின் நிறுவற்கோப்பு ஏறத்தாழ 6 கிகாபைட் அளவுடையது. அதனை அத்திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் ஊர்களில், இறக்கம் இடையில் முறிந்து கோப்பு குறைபட்டுப்போவது உண்டு. இதனைக் கண்டறிய, கோப்புடன் வெளியிடப்பெறும் 64 எழுத்துக்கொண்ட சரிபார்ப்புக் கோவை உதவும். விண்டோஸிலுள்ள 'செர்ட்யூட்டில்' என்னும் கட்டளை, நம்மிடமுள்ள கோப்பிற்கு அதே கோவையைக் கணித்துத் தரும். இரண்டும் ஒன்றாயின் கோப்பு முழுமையானது. ஓர் எழுத்து மாறினாலும் அதனை விலக்குக. பாதி வழியில் நிறுவல் காரணமின்றி நின்றுபோகும்போது பலரும் பொறியைக் குறை கூறுவர். குற்றம் கோப்பினுடையதாக இருக்கலாம்.

அழிக்கும் தெரிவு

விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து 'நியூ' என்னும் பொத்தானை அழுத்தினால், அகப்பொறிக்கு ஒரு பெயரும், நிறுவற்கோப்பின் இருப்பிடமும் கேட்கப்படும். 7ஆம் வரிசைப் பதிப்புகளில், ஆள் துணையின்றித் தானே நிறுவிக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. அதனை நிறுத்திவிடுக. நாம் பழக வந்ததே நிறுவலை. அதனைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டால் நமக்கென்ன மிஞ்சும்? ரேம் 4096 மெகாபைட், செயலி 2, வன்தட்டு 25 கிகாபைட் என்று குறிக்க. இந்த 25 கிகாபைட் முழுவதும் உடனே செலவாகிவிடாது. எழுத எழுதக் கோப்பு பருத்துக்கொண்டே செல்லும். ஆனால் ஒருமுறை பருத்தது, உள்ளிருப்பவற்றை நீக்கினாலும் தானாக மெலியாது.

அகப்பொறியைத் தொடங்கினால் உபுண்டுவின் நிறுவல் திரைகள் ஒவ்வொன்றாக வரும். மொழி, விசைப்பலகை, இணைய இணைப்பு ஆகியவற்றில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அதன் பின்னர் வருவதே என் கலைச்சொற்பட்டியலை விழுங்கிய வகையைச் சேர்ந்த திரை. 'எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு', அஃதாவது வட்டினை அழித்துவிட்டு உபுண்டுவை நிறுவுக என்னும் தெரிவு அங்கே நிற்கும். அகப்பொறிக்குள் இதனைத் தயங்காமல் அழுத்தலாம். அழியப்போவது சற்றுமுன் நாம் உண்டாக்கிய வெற்றுக் கோப்பு ஒன்றே. புறப்பொறியின் வன்தட்டை அகப்பொறி காணவும் இயலாது.

எனினும் அவசரப்படாமல், அத்திரையில் சிறிது நேரம் தங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தானே பகுதிகளைப் பிரித்துக்கொள்ளும் தெரிவை அழுத்திப் பாருங்கள். வட்டின் பெயரும் அளவும் எவ்வாறு காட்டப்படுகின்றன, அடுத்து வரும் இறுதி உறுதிமொழித் திரையில் எவை எழுதப்படும் என்று கூறப்படுகிறது, எந்தப் பொத்தான் வரையில் பின்வாங்க இயலும் என்பனவற்றையெல்லாம் முன்னும் பின்னும் சென்று படியுங்கள். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உண்மைப் பொறியில் இவற்றைப் படித்துக்கொண்டிருக்க மனம் அமைதியாக இராது.

பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, கால வட்டத்திற்குக் கொல்கத்தாவைத் தெரிந்தெடுத்தால் நிறுவல் தொடங்கும். முடிந்ததும் நிறுவல் வட்டை நீக்கிவிட்டு 'என்டர்' விசையை அழுத்துமாறு ஒரு வாக்கியம் தோன்றும். நீக்குவதற்கு உண்மை வட்டு ஏதுமின்மையால் சிலர் திகைப்பர். விசையை அழுத்தினாற் போதும். சுட்டி அகப்பொறிக்குள் அகப்பட்டுக்கொண்டு வெளிவர மறுத்தால், வலப்புறக் 'கண்ட்ரோல்' விசை அதனை விடுவிக்கும். திரை சிறிதாகத் தோன்றின், 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்னும் துணைத்தொகுப்பை அகப்பொறிக்குள் நிறுவ, சாளரத்திற்கேற்பத் திரையும் விரியும்.

இனி, அகப்பொறியை முறையாக நிறுத்திவிட்டு, 'ஸ்னாப்ஷாட்' எனப்படும் நிலைப்பதிவு ஒன்றை எடுத்துவைக்க. இதன் பின்னர் அகப்பொறிக்கு என்ன நேரினும், பதிந்த நிலைக்கு அதனைச் சில நிமிடங்களிலேயே மீட்கலாம். ஆசிரியர்களுக்கு இது பெரும் வாய்ப்பு. இயங்குதளத்தின் இன்றியமையாத கோப்புறை ஒன்றை மாணவர்களைக்கொண்டே நீக்கச் செய்து, பொறி எவ்வாறு நிலைகுலைகிறது என்று காட்டி, அதனை மீட்டும் காட்டலாம். வேறு எம்முறையில் இப்பாடத்தை நடத்தினாலும் ஒரு பொறி வீணாகும். ஆனால் நிலைப்பதிவைக் காப்புப்படி என்று எண்ணிவிடலாகாது. அதுவும் அதே வன்தட்டில் இருப்பது. தட்டு பழுதானால் அதுவும் உடன் போகும்.

நம் கோப்புகள் திறக்கின்றனவா?

புதிய இயங்குதளத்தின் அழகைக் கண்டு மகிழ்வதற்காக இவ்வளவும் செய்யவில்லை. நம் அன்றாடப் பணி அதில் நடைபெறுமா என்பதே கேள்வி. தமிழில் தட்டச்சு செய்யும் வசதியை முதலில் அமைக்க. தமிழ் மொழித் துணைத்தொகுதியை நிறுவி, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 முறையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை அது. விண்டோஸில் அதிற் பழகிய விரல்களுக்கு இங்கே புதிதாகக் கற்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்து, பழைய கோப்புகள். பகிர்வுக் கோப்புறை வழியாக அவற்றின் படிகள் சிலவற்றை அகப்பொறிக்குள் அனுப்பித் திறந்து பாருங்கள். யூனிகோடு முறையில் எழுதப்பட்டவை நன்றாகவே தெரியும். தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்றது 2010ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னரும், சில இடங்களில் அதன் பின்னரும், பாமினி முதலான தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் ஏராளம். அவை அவ்வெழுத்துருவின்றி ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தோன்றும். இதனைக் கண்டு இயங்குதளத்தைப் பழிக்கவேண்டா. விண்டோஸிலும் அவ்வெழுத்துரு இல்லையேல் நிலை இதுவே. ஆயினும் எத்தனைக் கோப்புகளை மாற்றவேண்டியுள்ளது என்பதை மாற்றத்திற்கு முன்னரே அறிந்துகொள்வது பெரும் பயன். என் பட்டியலில் மீண்ட பாதியை நான் யூனிகோடுக்கு மாற்றியது இவ்வாறு அறிந்த பின்னர்தான். சூத்திரங்கள் மிகுந்த மதிப்பெண் அட்டவணைகளையும் லிப்ரே ஆபிஸில் திறந்து, கூட்டுத்தொகை மாறாதிருக்கிறதா என ஒருமுறை ஒப்பிடுக.

பகிர்வுக் கோப்புறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அகப்பொறியைச் சூழ்ந்துள்ள மதிலில் நாமே திறந்துவைக்கும் வாயில் அது. அவ்வழியாக அகப்பொறி புறப்பொறியின் கோப்புகளை மாற்றவும் நீக்கவும் கூடும். ஆகவே படிகள் மட்டுமே அடங்கிய தனிக் கோப்புறை ஒன்றையே பகிர்க. படிப்பதற்கு மட்டும் என்னும் குறியையும் இடுக. மெய்நிகர் பொறிக்குள் எது செய்தாலும் வெளியே ஒன்றும் ஆகாது என்று சிலர் கூறுவது இவ்விடத்தில் பொய்த்துவிடும்.

மெய்நிகர் பொறி கூறாத செய்தியும் உண்டு. அகப்பொறிக்குத் தெரிவது மென்பொருளால் ஆன வலைப்பின்னல் அட்டையும் மென்பொருளால் ஆன திரையட்டையுமே. அவற்றோடு எல்லா இயங்குதளங்களும் ஒத்துப்போகும். உண்மைப் பொறியின் வைஃபை அட்டையை உபுண்டு அறியுமா, ஒலி எழுமா, மடிக்கணினி மூடித் திறந்தால் விழிக்குமா என்பனவற்றை இங்கே அறிய இயலாது. அச்சுப்பொறியை மட்டும் யு.எஸ்.பி. வழியாக அகப்பொறிக்கு மாற்றி இணைத்து ஓரளவு சோதிக்கலாம். ஏனையவற்றிற்கு, அதே நிறுவற்கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி, உண்மைப் பொறியை அதிலிருந்து தொடங்கி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கும் வழி உண்டு. மெய்நிகர் பொறியில் வெற்றி கண்ட மகிழ்ச்சியில் இப்படியைத் தாண்டிச் சென்றவர்கள், இணைய இணைப்பின்றி ஒரு வாரம் தவித்ததை நான் கண்டிருக்கிறேன்.

குறிப்பிட்ட ஏதேனும் ஒரு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே இயங்குமாயின், ஏற்பாட்டைத் தலைகீழாக்கலாம். லினக்ஸைப் புறப்பொறியிலும் விண்டோஸை அகப்பொறியிலும் அமைத்துக்கொள்ளுதலே அது. அகப்பொறியில் நிறுவும் விண்டோஸுக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதை மறவாதிருக்க. விண்டோஸ் 10ஐயே உள்ளே வைப்பதாயின், அதனை இணையத்தோடு இணைக்காதிருத்தல் நன்று.

சில வாரம் இவ்வாறு பழகிய பின், உண்மைப் பொறியில் நிறுவும் நாள் வரும். அன்று அதே திரை, அதே சொற்களோடு தோன்றும். வட்டின் அளவு மட்டும் 25 கிகாபைட்டாக இராது. 500 கிகாபைட் என்றோ 1 டெராபைட் என்றோ இருக்கும். அவ்வெண்ணைக் காணும்போது விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு, கோப்புகளின் படி அடங்கிய வெளிவட்டு பொறியிலிருந்து கழற்றப்பட்டு மேசையறைக்குள் பத்திரமாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துக்கொள்க.